புத்தூர்க் கட்டும் களித் துடுப்பும்

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பேத்தி வள்ளியம்மா ஆறாம் வகுப்பில் முதலாவதாகத் தேறிவிட்டாள். ஐந்தோடு நின்ற என்னைத் தாண்டிவிட்டாள். சின்னப் பேரன் தணிகாசலம் பள்ளிப்பட்டில் சொந்தத் தறி போட்டுவிட்டான். அரக்கோணத்தில் வளர்ந்த நம் பெரிய பேரன் குமரேசனுக்குப் பம்பாய் ரயில்வே பட்டறையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. தெருவில் ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டேன்.

அவன் அனுப்பிய போட்டோவால்தான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண். விரதம் முடிகிற அன்று நீங்கள் வைத்திருந்த முகம் அப்படியே. தொப்பை விழுகிறதென்று பத்து நாள் மோரை மட்டும் குடிக்கிறானாம்; பதினோராம் நாள் வயிறு புடைக்கத் தின்கிறானாம். "தாத்தா வைராக்கியம் எனக்கும் உண்டு பாட்டி" என்று பெருமையாக எழுதியிருக்கிறான். அந்த வைராக்கியம் என்ன செய்தது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

அரிசிக்கு வரிசையில் நின்ற யுத்த காலம். கொல்லையில் நீங்கள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. குதிகாலில் முள் குத்திய புண், மூன்று மாதமாகியும் ஆறாமல் சீழ் பிடித்தது. சர்க்கரை வியாதி, வாயைக் கட்டாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். நீங்கள் முருகனுக்கு விரதம் எடுத்தீர்கள். மாதாமாதம் கிருத்திகைக்கு முன் ஐந்து நாள் வெறும் தண்ணீர். கிருத்திகையன்று மலையேறி இறங்கி, சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே காலி செய்வீர்கள். தடுத்தால், "சாமி பிரசாதத்துல ஏதுடி சக்கர?" என்று உறுமுவீர்கள்.

பசித்த வேளையில் நீங்கள் மனிதராகவே இருந்ததில்லை. என் நெற்றித் தழும்பு, மூன்றாவது கிருத்திகைக்குச் செம்பு பறந்து வந்து கிழித்தது. நான்காவதில், குறுக்கே வந்த உங்கள் தம்பிக்கு முன்பல் போயிற்று.

ஐந்தாவதில் பொங்கலை ஒளித்துவிட்டு, கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரையும் வைத்தேன். தட்டைச் சுவரில் அடித்தீர்கள். கொதிக்கிற களிப்பானையை எட்டி உதைத்தீர்கள். களி என் காலில் ஒட்டியது. வழித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. மயிரைப் பிடித்துச் சுழற்றினீர்கள்.

"எங்கடி வெச்ச? சொல்லு, இல்ல கொன்னு போட்டுடுவேன்!"

"கொல்லுய்யா! ஒத்தக் கால்ல நின்னுகினு எப்பிடிக் கொல்றேன்னு நானும் பாக்கறேன்!"

கைக்கு அகப்பட்டது களி கிண்டுகிற துடுப்பு. இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசினேன். உங்கள் வலது மணிக்கட்டில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம்.

மாட்டு வண்டியில் புத்தூருக்குப் போனோம். மூங்கில் பத்தை வைத்து எலும்புக் கட்டுப் போடுகிறவர், "இன்னாங்க, எப்பிடி ஒடிஞ்சது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "மலப்படில வழுக்கிட்டேங்க" என்றீர்கள். திரும்புகிற வழியெல்லாம் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கட்டுப் பிரிக்க நாற்பத்தைந்து நாள். இடது கையால் சாப்பிட உங்கள் ரோஷம் விடவில்லை, நான்தான் ஊட்டினேன். காலையில் கூழ், மத்தியானம் கீரையோடு இரண்டு உருண்டை களி, பொழுது சாய்வதற்குள் ஒரு கைப்பிடிச் சோறு. பட்டினியும் இல்லை, விருந்தும் இல்லை. முதல் வாரம் என் விரலை ரத்தம் வரக் கடித்தீர்கள்.

"இன்னோர் உருண்ட குடுடி, பாவி!"

"இன்னொரு கையும் இருக்குது. யோசிச்சிக் கேளுங்க."

மூன்றாம் வாரம் கேட்பது நின்றது. பிறகு எறும்பு வருவதும் நின்றது. கட்டுப் பிரிப்பதற்குள் புண்ணில் புதுத் தோல் மூடிவிட்டது.

பிரித்த மறுநாள் தட்டை உங்கள் முன் வைத்துவிட்டு, முந்தானைக்குள் துடுப்போடு நின்றேன். இரண்டு உருண்டை தின்றீர்கள். பானையைப் பார்த்தீர்கள். என் முந்தானையையும் பார்த்தீர்கள்.

"அத கீழ வைடி. கை தானா நின்னுடுச்சி" என்று எழுந்து கை கழுவப் போனீர்கள்.

அதன்பிறகு ஆறு வருஷம் இரண்டு காலாலும் மலையேறினீர்கள். பொங்கலை நாக்கு நுனியில் தொட்டுவைத்ததோடு சரி. மணிக்கட்டுதான் கோணலாகவே நின்றது. நீங்கள் அடித்ததையெல்லாம் மன்னித்தேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. நான் அடித்ததைச் சாகும்வரை ஒருவரிடமும் நீங்கள் சொல்லவில்லை என்பது தெரியும்.

இன்றைக்கும் இரண்டு உருண்டையோடு எழுந்துவிடுகிறேன். துடுப்பு அடுப்பங்கரையில்தான் இருக்கிறது. உங்களுக்கு விலாசம் இல்லாததால் குமரேசன் பேருக்கே இதைத் தபாலில் போடுகிறேன். தாத்தா மலைப்படியில் வழுக்கவில்லை என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும். அரக்கோணத்தில் பம்பாய் மெயில் நிற்கிறது, கிழவிக்கு ரயிலேறத் தெரியும் என்று அவன் கனவில் போய்ச் சொல்லுங்கள். ஆடிக் கிருத்திகைக்குள், கன்னத்தில் சதை ஏறின புதுப் போட்டோ ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.