ஓரத்தில் நிற்பவரின் சொல்

பிஷ்கேக்
17 செப்டம்பர் 2018

அன்புள்ள ஜுமாபெக்,

நலமா? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே ஒருவர்மீது ஒருவர் எரிந்து விழுகிறோம். அதனால் எழுதுகிறேன். எப்படியும் குபாத்தின் வேனில் ஒரு கட்டுக் காகிதம் அத்-பாஷிக்கு வருகிறது. அதோடு இதுவும் வந்து சேரட்டும்.

கட்டில் இருப்பவை கேள்வித்தாள்கள். விளையாட்டு வீரர்கள் நெருக்கடியை எப்படித் தாங்குகிறார்கள் என்று அளக்க வெளிநாட்டில் ஆங்கிலத்தில் எழுதியது. கசாக், உஸ்பெக், தாஜிக் மொழிகளில் ஏற்கெனவே ஆக்கிவிட்டார்கள். கிர்கிஸ் மொழி என் தலையில் விழுந்திருக்கிறது. மொழிபெயர்த்தால் மட்டும் ஆயிற்றா? நம் பிள்ளைகள் படிக்கும்போதும் அது அதே கேள்வியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிஷ்கேக் பிள்ளைகள் பாதிக்குமேல் ருஷ்ய மொழியில் யோசிப்பவர்கள். உங்கள் மல்யுத்தப் பள்ளியில் அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தாங்களே எழுதட்டும், தயவுசெய்து பக்கத்தில் போய் நிற்காதீர்கள். புரியாத கேள்வி எது, சிரிப்பு வந்த கேள்வி எது என்று மட்டும் குறித்து அனுப்புங்கள்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். வகுப்பு, கூட்டம், மறுபடியும் வகுப்பு. எல்டியார் மாஸ்கோவிலிருந்து எப்போதாவது பேசுகிறான். அப்பாவிடம் பேசுகிறானா?

சபீரா


அத்-பாஷி
5 அக்டோபர்

சபீரா,

உன் கேள்வித்தாள்களை ஒரு மாலைப் பயிற்சி முடிந்ததும் கொடுத்தேன். தள்ளிப்போய் நின்றேன். ஆனாலும் காது கேட்கும் அல்லவா?

ஒன்று முதல் ஐந்துவரை ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போடச் சொல்லியிருக்கிறாய். பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டார்கள். ‘தோற்றால் என்னையே திட்டிக்கொள்வேன்’ என்பதற்கும் ஐந்து, ‘தோற்றால் என்னை நானே திட்டிக்கொள்ள மாட்டேன்’ என்பதற்கும் ஐந்து. ஏன் என்று கேட்டேன். ஒரு தடியன் சொன்னான்: “பள்ளிக்கூடத்திலே ஐஞ்சுதானே அகாய் நல்ல மார்க்கு? வாழ்க்கையிலே ஒரு தடவையாவது வாங்கிக்கறோமே.” ‘அகாய்’ என்று கூப்பிடும் வாத்தியார் என்பதால் என்னிடம் கொஞ்சம் அடக்கிப் பேசினான். நான் திரும்பியதும் எல்லோரும் சிரித்தார்கள்.

‘மனச்சுமையை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வேன்’ என்ற கேள்விக்குத்தான் யோசித்தார்கள். ‘சொல்வேன்’ என்று போட்டால் புலம்புகிறவன் என்று ஆகிவிடுமாம். ‘சொல்ல மாட்டேன்’ என்று போட்டால் நம்ப ஆள் இல்லாதவன் என்று ஆகிவிடுமாம். அந்த இடத்தைக் காலியாக விட்டவர்கள் பலர். எனக்கே என்ன போடுவதென்று தெரியவில்லை.

உண்மையாக எழுதியவள் ஒருத்திதான், புருல்சா. பத்தொன்பது வயது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கால் பிடியை நான் பார்த்ததில்லை. அப்பா எகாதெரின்பர்க்கில் கட்டட வேலை செய்கிறார். அவளிடம் போன் இல்லை; ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் என் போனில் அவரிடம் பேசாமல் களத்தில் இறங்க மாட்டாள். நவம்பரில் ஆசியப் போட்டி அணிக்கான தேர்வுக்கு பிஷ்கேக் வருகிறோம். விடுதியில் ஹீட்டர் வேலை செய்யாது. அவளை உன் வீட்டில் தங்கவைக்க முடியுமா?

இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. முழங்கால் வலிக்கிறது. எல்டியார் என்னிடம் பேசுவதே இல்லை.

ஜுமாபெக்


பிஷ்கேக்
20 அக்டோபர்

அன்புள்ள ஜுமாபெக்,

‘ஐந்து நல்ல மார்க்’ என்பதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் வாய்விட்டுச் சிரித்தேன். எண்களை எடுத்துவிட்டுச் சொற்களாகப் போடுகிறேன்.

இன்னொன்று கேளுங்கள். ‘போட்டி முடியும்வரை கெட்ட செய்திகளைக் கேட்காமல் தள்ளிவைப்பேன்’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. இதை எழுதியவர்கள் கணக்கில் அது பலவீனம், நெருக்கடியிலிருந்து ஓடுவது. நம் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருமே ‘ஆமாம்’ என்கிறார்கள். கசாக் பிள்ளைகளும் அப்படியே. அப்படியென்றால் நாம் எல்லோரும் ஓடுகிறவர்களா? இங்கே சாவுச் செய்தியைக்கூட வாசலில் நின்று சொல்வதில்லையே. ஊர் கூடி, பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, மெல்லத்தானே சொல்கிறார்கள். அதற்குப் பெயர் பலவீனம் அல்ல என்று மார்ச்சில் அல்மாத்தி மாநாட்டில் வாதாடப்போகிறேன்.

எனக்கும் இதில் ஒரு பழைய வலி உண்டு, உங்களுக்குத் தெரியும். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

புருல்சா வரட்டும். எல்டியார் அறை சும்மாதான் கிடக்கிறது.

சபீரா


பிஷ்கேக்
26 நவம்பர்

ஜுமாபெக்,

புருல்சாவின் அப்பா இறந்ததை இன்று குபாத் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாரத்திலிருந்து விழுந்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் சித்தப்பா உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் என்கிறான்.

சனிக்கிழமை காலை என் மேஜையில் உட்கார்ந்து உப்பு போட்ட பால் டீ குடித்தீர்கள். எதிரே அந்தப் பெண் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஜெயித்தால் புதுக் காலணி வாங்கித் தருவதாக அப்பா சொன்னதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினீர்கள். உங்கள் கை நடுங்கவில்லை. நான் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

ஜெயித்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நானும் குதித்தேன். அந்தச் சந்தோஷத்தில் கேள்வித்தாளை எடுத்து நீட்டி, இன்று மனசு எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னேன். நினைத்தால் கூசுகிறது.

என் அம்மா போனபோதும் இதையேதான் செய்தீர்கள். ஆய்வேட்டுக்காக அல்மாத்தியில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜலாலாபாத்தில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். பூங்கொத்தோடு ரயில் நிலையத்துக்கு வந்தீர்கள். முகம்கூடப் பார்க்க விடவில்லை. மூன்று வருஷமாக நாம் தனித்தனியாக இருப்பதற்கு வேறு ஆயிரம் காரணம் சொல்கிறோம். காரணம் ஒன்றுதான்.

பதில் எழுத வேண்டாம்.

சபீரா


அத்-பாஷி
2 டிசம்பர்

சபீரா,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் சித்தப்பா சொன்னது இதுதான்: “உடம்பு வர செவ்வாய்க்கிழமை ஆகும். போட்டியை முடிச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க. பெரியவங்க சொல்லுவாங்க. நீங்க வாய் திறக்காதீங்க.” நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான்கு வருஷ உழைப்பு அவளுடையது. அடக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தாள், முகத்தையும் பார்த்தாள். உன் அம்மா விஷயம் வேறு, இது வேறு.

ஞாயிறு முழுக்க வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். டோலோன் கணவாயில் பனி. பதக்கத்தைக் கழுத்திலேயே போட்டிருந்தாள். அப்பாவுக்குப் படம் அனுப்ப வேண்டும், போனைக் கொடுங்கள் என்றாள். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தது தூரத்திலேயே தெரிந்தது. ஆண்கள் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யார் செத்தது என்று கேட்கவில்லை. பதக்கத்தைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

கை நடுங்கவில்லை என்கிறாய். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, சபீரா. நடுங்காமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. ரொம்பக் களைத்துவிட்டேன்.

ஜுமாபெக்


அத்-பாஷி
14 ஜனவரி 2019

சபீரா,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை. இது புருல்சாவைப் பற்றி.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்து பயிற்சிக் கூடத்துக்கு வந்தாள். பயிற்சி உடையில் இல்லை. மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்தாள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். தடுத்துவிட்டாள்.

“கோவம் இல்லை அகாய். சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேன், அது எனக்கே தெரியும். அம்மாகூட நீங்க செஞ்சதுதான் சரின்னு சொல்றாங்க. ஆனா அப்பாகிட்டப் பேசணும்னு கேட்டேன். லைன் கிடைக்கலைன்னு சொன்னீங்க. முகத்தைப் பாத்து சொன்னீங்க, நானும் நம்பிட்டேன். இனிமே ஓரத்திலே நின்னுக்கிட்டு ‘முப்பது விநாடிதான், தாங்கு’ன்னு நீங்க கத்தினா, நிஜமாவே முப்பதுதானா, இல்லே அறுபதான்னு யோசிப்பேன். யோசிச்சா விழுந்துடுவேன்.”

அவ்வளவுதான். பிஷ்கேக் விளையாட்டு விடுதியில் சேர மாறுதல் கடிதம் கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கதவுவரை போய்த் திரும்பி வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். அந்த வணக்கம்தான் தாங்க முடியவில்லை.

எல்லோரும் நான் செய்தது சரி என்கிறார்கள். ஒருத்தர்கூட என்னை நம்பவில்லை. இதற்கு உன் கேள்வித்தாளில் என்ன எண் போடுவாய்?

விடுதியில் சாப்பாடு மோசம். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வீட்டுக்குக் கூப்பிடு.

ஜுமாபெக்


பிஷ்கேக்
11 பிப்ரவரி

ஜுமாபெக்,

புருல்சா ஞாயிறுதோறும் வருகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். பாத்திரம் கழுவ விட்டால்தான் மறுபடி வருவேன் என்று மிரட்டுகிறாள்.

தள்ளிவைக்கும் கேள்வியை அவளிடம் மறுபடி கொடுத்துப் பார்த்தேன். எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். “அக்கா, நானே தள்ளிவைக்கிறதா, இல்லே எனக்காக வேற யாராவது தள்ளிவைக்கிறதா? ரெண்டும் ஒண்ணில்லையே.” நான்கு மொழிகளில் இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தோம். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மாநாட்டுக் கட்டுரையைப் பாதிக்குமேல் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இது நமக்குப் பலவீனமே இல்லை என்று அடித்துச் சொல்ல இப்போது எனக்குத் தைரியம் இல்லை. பலவீனம்தான் என்று அவர்களோடு சேர்ந்து சொல்லவும் மனசு வரவில்லை.

உங்கள்மீது முன்பிருந்த கோபம் இப்போது இல்லை. அதைத் தூக்கிச் சுமக்கவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் 14ஆம் தேதி அல்மாத்தியில் என் முறை.

சபீரா


அத்-பாஷி
12 மார்ச்

சபீரா,

எல்டியார் மாஸ்கோவில் மருத்துவமனையில் இருக்கிறான். டெலிவரிக்குப் போகும்போது வண்டி சறுக்கி விழுந்திருக்கிறான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நேற்று அறுவை சிகிச்சை முடிந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை. நடப்பானா என்று ஒரு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் எதையும் நான் மறைக்கவில்லை.

அவனே கூப்பிட்டான். “அம்மா மாநாடு முடியறவரைக்கும் சொல்லாதீங்கப்பா” என்று சத்தியம் கேட்டான். சத்தியம் செய்யவில்லை. போனை வைத்துவிட்டு முற்றத்தில் வெகு நேரம் நின்றேன். சொல்லாமல் இருப்பதற்கு நல்ல காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எல்லாமே எனக்குப் பழக்கமானவை.

போனில் சொன்னால் என் குரல் தானாகவே பாதியை மறைத்துவிடும். அதனால் எழுதி குபாத் கையில் கொடுத்திருக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனை எண் பின்பக்கத்தில் இருக்கிறது.

மாநாட்டுக்குப் போவாயா, நேரே மாஸ்கோ போவாயா என்பதை நீ முடிவு செய். எது சரி என்று நான் சொல்லமாட்டேன்.

ஜுமாபெக்


மாஸ்கோ
23 மார்ச்

அன்புள்ள ஜுமாபெக்,

எல்டியார் தூங்குகிறான். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றுக் கால் விரல்களை அசைத்தான். ஊன்றி நிற்க நாளாகும், ஆனால் நடப்பான் என்று அறுவை செய்த டாக்டரே சொன்னார்.

உங்கள் கடிதத்தை வேன் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். குபாத் டீ வாங்கிக் கொடுத்தான். முதலில் உங்கள்மீதுதான் கோபம் வந்தது. இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று. விமானம் பதினைந்தாம் தேதிதான் கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அல்மாத்திக்குப் போனேன்.

படுமோசமாகப் பேசினேன். நடுவில் குரல் போய்விட்டது. உஸ்பெக் குழுவிலிருந்து கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று சொன்னதை மட்டும் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் மோசமாகப் பேசிய நாள் அது. அதற்கு முழுக் காரணமும் எனக்குத் தெரிந்தே பேசினேன். ஏனோ அது மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

எல்டியார் உங்கள்மீது கோபமாக இருக்கிறான். “அப்பாவாலே ஒரு விஷயத்தைக்கூட மறைக்க முடியலையாம்மா?” என்றான். “முடியலைடா” என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவன் பயந்துவிட்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்படி நினைக்கவும் அலுப்பாக இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் இவனை பிஷ்கேக் கூட்டி வருகிறேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடி ஒரு வருஷம் ஆகிறது. நாலு மாடி. இவன் எடையும் கூடியிருக்கிறான். தூக்கிக்கொண்டு ஏற ஒரு மல்யுத்தக்காரர் வேண்டும்.

முழங்கால் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் சபீரா