பழைய போன்களுக்கு ஒரு வாரம்

நவம்பர் 10, திங்கள்

விடியும் முன்பே மழை. குசினியில் ஒழுகும் இடத்தில் வாளி வைத்தாயிற்று. பாண் இருக்கிறது, சம்பல் மட்டும் அரைத்தால் போதும்.

எஞ்சினுக்கு மாதச் செய்தி எழுத வேண்டும். யார் என்ன செய்தார்கள், எது முடிந்தது, எது முடியவில்லை என்று உலகத்துக்குச் சொல்லும் வேலை. எப்படியோ என் தலையில் விழுந்தது, இறங்கவே இல்லை. எஞ்சின் என்பது போன், கணினி விளையாட்டு செய்கிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள், செய்கிற நாங்களும் இலவசம். நேற்று என் வீட்டுக்காரர் குமாரின் திரீவீல் ஆட்டோவில் ஏறிய யாரோ, மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். "கடையில கணக்கெழுதுறா. வீட்டுக்கு வந்தா எஞ்சின் செய்றா. ஒரு போல்ட் கூட கிடையாதுங்க" என்றாராம் இவர். அதைப் பெருமையாக வந்து என்னிடமே சொல்கிறார்.

செய்திக்கு வந்தவை:
– வெளிச்சம், நிழல்: பிரேசிலில் இருந்து தியாகோ முடித்துவிட்டார். படங்கள் அழகு.
– ஒலி: பாதி. போன மாதமும் பாதிதான்.
– புதுச் சின்னம்: சண்டை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார்கள். வருவார்கள். எப்போதும் வருகிறார்கள்.
– ப.போ.: இந்தப் பதிப்போடு நீக்கம்.

கடைசி வரி ஹென்ரிக் அனுப்பியது. எல்லோரையும் கட்டி மேய்ப்பவர் அவர்தான். நல்ல மனுஷன், குரலே உயராது, அதுதான் எரிச்சல். ப.போ. என்னுடையது. பழைய போன் பகுதி. எஞ்சினில் செய்த விளையாட்டுகள் பழைய, மலிவான போன்களிலும் ஓடுவதற்கு நான் ஒருத்தி தனியாகப் பார்த்துக்கொள்ளும் பகுதி.

காரணம் ஒரே ஒரு பிழை. விளையாடும்போது அழைப்பு வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் திரை கறுப்பு. அதுவரை விளையாடியதெல்லாம் போச்சு. இதை அறிவித்தவர் லக்கலயில் ஒருவர். வேறு யாருக்கும் நடக்கவில்லை. மாத்தளை ரிப்பேர் கடைகளில் தேடி அதே மாதிரி போனையே வாங்கி நானும் பார்த்தேன். நடக்கவில்லை. ஞாயிறோடு பதிப்பை மூடுகிறார்கள். அதற்குள் பிழையைப் பிடிக்காவிட்டால் பகுதியே வெளியே. அந்த வரியை நானே என் கையால் எழுத வேண்டுமாம்.

வாசித்ததும் முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. கோபம் அதற்குப் பிறகுதான், அதுவும் என்மேல்.

நவம்பர் 11, செவ்வாய்

பல்லேபொலயில் இருந்து டவுன் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. பக்கத்துக் குடையின் தண்ணீரெல்லாம் என் சப்பாத்துக்குள்.

கடையில் மிளகு வரவு. எல்லாம் ஈரம். முதலாளி மழையைத் திட்ட முடியாமல் எங்களைத் திட்டினார்.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டுக் குழு உரையாடலைத் திறந்தேன். தியாகோ எழுதியிருக்கிறார்: "இந்தப் போன்களை இப்போது யார் வைத்திருக்கிறார்கள், அருங்காட்சியகமா?" கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். காலையில் பஸ்ஸில் என் கண்ணில் பட்ட போன்களை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன். நீளமாக, காரமாக. அழித்தேன். "பார்க்கிறேன்" என்று மட்டும் போட்டேன். பார்க்கிறேன், பார்க்கிறேன். என் ஆயுசே இந்த ஒரு சொல்லில் போகிறது.

தலைமுடியில் கராம்பு வாசம். குளித்தும் போகவில்லை.

வாங்க: சவர்க்காரம், தேங்காய், இன்னொரு வாளி.

நவம்பர் 12, புதன்

லக்கலக்காரர் தன் அறிவிப்பில் போன் நம்பரும் போட்டிருந்தார். இத்தனை நாளும் எழுத்திலேயே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கென்ன புத்தியோ. இன்று எடுத்துப் பேசினேன்.

பெயர் ரிஸ்வி. அண்ணன் வயது, நானா என்றே கூப்பிட்டேன். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மருமகனின் மடிக்கணினியில் தட்டித் தட்டிப் பழகி ஒரு விளையாட்டு செய்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் யானை. எங்கே நிற்பது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எப்போது வந்த வழியே திரும்புவது. பாதை அவர்கள் ஊர்ப் பாதை, குளக்கட்டும் அவர்கள் குளக்கட்டு. ஊர்ப் பிள்ளைகள் கடையில் வரிசையில் நின்று அவருடைய போனில் விளையாடுகிறார்களாம்.

"போன் கோல் ஒண்ணு வந்திச்சின்னா முடிஞ்சிது தங்கச்சி. ஸ்க்ரீன் கறுத்துரும். புள்ளைங்க யானைய விட்டுட்டு என்னையப் புடிச்சி ஏசுதுங்க."

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எப்படிச் சொல்வது? சொன்னேன். ஞாயிறோடு பழைய போன்களை எடுத்துவிடப் போகிறார்கள் நானா, இனி வரும் பதிப்பு உங்கள் போனில் ஓடாது.

யாருக்கோ மிச்சக்காசு எண்ணிக் கொடுத்தார். பிறகு, "சரி, நான் பழசுலயே இருந்துக்குறேன். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. கொரலே களைச்சிப் போயிருக்கு. சாப்ட்டீங்களா?"

பழையதில் இருந்தால் பிழையும் கூடவே இருக்கும். அது அவருக்கும் தெரியும். ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் போனை வைத்திருப்பேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டது தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாமான் எடுக்க டவுனுக்கு வருகிறாராம். ஜும்மா முடிந்து கடைக்கு வரட்டுமா என்றார். வாங்க என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் வேலைக்குப் போகும் முன் இன்னொரு தடவை. மடிக்கணினி மேசையில், கேபிளின் மறுமுனையில் போன், போனில் ரிஸ்வி நானா மருமகனிடம் சொல்லி அனுப்பிவைத்த விளையாட்டு. குமார் முற்றத்தில் குடைக்குள் நின்று அழைக்க வேண்டும், நான் எடுக்க வேண்டும், வைக்க வேண்டும், பார்க்க வேண்டும்.

"ஹலோ, எஞ்சின் மேடம் இருக்காங்களா?"
"வைங்க."
"ஹலோ, திரீவீல் ஒண்ணு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, வந்து பாப்பீங்களா?"
"ஐயோ, வைங்கன்னா."

ஒவ்வொரு தடவையும் படம் திரும்பி வருகிறது. யானையும் குளமும் பளிச்சென்று. அவ்வளவு அழகாக ஓடியதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. குமார் நனைந்த காலோடு உள்ளே வந்து, "போன் நல்லாத்தானே இருக்கு" என்றார். நல்லாத்தான் இருக்கிறது, அதுதானே பிரச்சினை. எரிந்து விழுந்தேன். பாவம், போய் டீ ஊற்றினார்.

பஸ்ஸில் செய்தியை எழுதி முடித்தேன். "ப.போ. இந்தப் பதிப்போடு நீக்கப்படுகிறது. இதுவரை பயன்படுத்தியவர்களுக்கு நன்றி." இரண்டு வரி. எழுதியதும் உடம்பு லேசாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், லேசாகத்தான் இருந்தது. இனி விடிகாலை எழும்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம். அனுப்பவில்லை, ஞாயிறு அனுப்பினால் போதும்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. கேபிள்! கேபிள்! கேபிள்!

ஒழுங்காக எழுதுகிறேன்.

ஜும்மா முடிந்து ரிஸ்வி நானா வந்தார். கையில் இரண்டு பை, தலையில் தொப்பி. முதலாளி கதிரை போட்டுக் கொடுத்து மிளகு விலை பேசத் தொடங்கிவிட்டார். லக்கல மிளகு பெரிசா, பல்லேபொல மிளகு பெரிசா என்று இரண்டு பேரும். இவர்களைப் பிரித்து எடுப்பதற்குள் என் சாப்பாட்டு நேரம் பாதி போய்விட்டது.

போனைத் தந்தார். மூலையில் கீறல், அதற்குமேல் டேப். விளையாட்டைத் திறந்தேன். அதிலிருந்தே குமாருக்கு மிஸ்கோல் கொடுத்து அழைக்க வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். கறுப்பு.

"கறுப்பு!" என்று கத்திவிட்டேன். சாக்குத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நாளும் தேடிய கறுப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உடனே என் மடிக்கணினியில் கேபிளைக் குத்தினேன். குமார் மறுபடி அழைத்தார். படம் வந்துவிட்டது. கழற்றிவிட்டு இன்னொரு அழைப்பு. கறுப்பு. குத்தினேன். படம்.

"ஒங்க வயருக்கு பயந்துருச்சி போல" என்றார் நானா.

அப்போதுதான் திரையின் மேலே செம்மஞ்சள் கோட்டைக் கண்டேன். கேபிள் இருந்தால் இல்லை, கழற்றினால் வருகிறது.

"நானா, இது என்ன மேல?"

"அதா? பெட்டரி சேவர். எப்பவும் போட்டுத்தான் வெச்சிருப்பேன். யானை கரண்ட் போஸ்ட்ட சாச்சிட்டுப் போனா லைட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? போன்ல சார்ஜ் இருந்தாத்தானே, யானை இப்ப எந்தப் பக்கம் நிக்குதுன்னு ஊருக்குச் சொல்லலாம்."

போனைச் சார்ஜில் போட்டால் பெட்டரி சேவர் தானாக நின்றுவிடும். நான் சோதித்த ஒவ்வொரு தடவையும் போன் மடிக்கணினியில் குத்தித்தான் இருந்தது. ஹென்ரிக்கும் தியாகோவும் தங்களிடமிருந்த வேறு போன்களில் சோதித்தபோதும் அப்படித்தான். எங்கள் கைப்பழக்கமே அப்படி, போனைத் தொட்டால் முதலில் கேபிள். இத்தனை பேர் பார்த்தோம், ஒருவராவது அதை வெறும் போனாகக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. முட்டாள்கள். நான் முதல் முட்டாள்.

நானாவுக்கு விளங்கியதோ இல்லையோ, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். லக்கல பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான்.

வீட்டில் குமாரிடம் சொன்னேன். "ஒனக்கும் அந்தச் செம்மஞ்சக் கோடு விழுந்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

நவம்பர் 15, சனி

கடை லீவு. துவைத்தது எதுவும் காயவில்லை. குமார் வஹகோட்டை கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் போயிருக்கிறார்.

கேபிள் இல்லாமல், சேவரைப் போட்டுவிட்டுப் பார்த்தால் என் போனிலும் கறுப்பு! சேவரில் இருக்கும்போது அழைப்பு வந்தால், இந்தப் போன் விளையாட்டின் படங்களை எல்லாம் நினைவிலிருந்து தூக்கிப் போட்டுவிடுகிறது. எங்கள் எஞ்சின் அவற்றைத் திரும்பக் கேட்பதே இல்லை. இருக்கும் என்று நம்பி வரையப் போகிறது. திரும்பக் கேட்கச் சொல்லிச் சில வரி எழுதினேன். அவ்வளவுதான். இதற்கா ஒரு பகுதியையே வெட்டப் போனோம்?

நானாவின் விளையாட்டையும் திருத்திய எஞ்சினில் போட்டு அவருக்கு அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லை. லைட் இல்லையோ, என்னவோ.

ஒரு விதி இருக்கிறது: இன்னொருவர் தன் கையிலுள்ள போனில் பார்த்துச் சரி சொல்லாமல் எந்தத் திருத்தமும் உள்ளே போகாது. குழுவில் எழுதினேன்: "கேபிளைக் கழற்றுங்கள். சேவரைப் போடுங்கள். அழைப்பு வரட்டும்."

பதில் இல்லை. எல்லோருக்கும் சனிக்கிழமை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களிடம் அந்தப் போனே இல்லையே. சமைக்கவும் மனசில்லை. பருப்பு, அப்பளம்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடி மழை. கண் எரிகிறது. விடிகாலையில் எழும்பிப் போனைப் பார்த்தேன். ஞாயிறு தூங்கப் போகிறேன் என்று வியாழக்கிழமை எழுதியிருக்கிறேன், எவ்வளவு ஆசை.

தியாகோவிடமிருந்து: "அம்மாவின் போனில் பார்த்தேன். கேபிள் இல்லாமல் கறுப்பு. உன் திருத்தம் போட்டதும் சரி. அம்மா இந்தப் போன்தான் வைத்திருக்கிறார் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. மன்னித்துக்கொள்." சிரிக்கும் முகம் எதுவும் போடவில்லை.

பிறகு ஹென்ரிக். திருத்தம் ஏற்கப்பட்டது, பிழை மூடப்பட்டது, அருமை. அதற்குக் கீழே: "ஆனால் பகுதி நிலைக்க வேண்டுமென்றால் பொறுப்பாக ஒருவருடைய பெயர் வேண்டும். நீ தொடர்வாயா? களைத்திருக்கிறாய் என்று தெரியும். இல்லை என்று சொன்னால் யாரும் தவறாக நினைக்க மாட்டோம்."

நினைக்க மாட்டார்கள். பிழையும் தீர்ந்துவிட்டது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "இல்லை, என்னால் முடியவில்லை" என்று தட்டினேன். அனுப்புவதற்கு முன் டீ குடிக்கலாம் என்று குசினிக்குப் போனேன். இரண்டாவது வாளி வாங்க மறந்தே விட்டேன்.

திரும்பி வந்தால் ரிஸ்வி நானாவிடமிருந்து குரல் செய்தி. முதலில் ஒன்றும் விளங்கவில்லை, ஒரே சத்தம், பிள்ளைகள். சிங்களத்தில் ஒரு சிறுமி ஓடு, ஓடாதே என்று இரண்டையும் சொல்கிறாள். நடுவில் போன் அடிக்கிறது. எல்லோரும் கப்சிப். நானா, "ஆ மகன், பொறகு எடுக்குறேன்" என்று வைக்கிறார். பிறகு ஒரு கூச்சல், கடைத் தகரமே அதிர்ந்திருக்கும்.

கடைசியில் நானாவின் குரல் கிட்டத்தில்: "கேட்டுச்சா தங்கச்சி? கோல் வந்திச்சி. யானை அங்கயே நிக்குது."

மூன்று தடவை கேட்டேன். குமாரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை.

தட்டியதை அழித்தேன். செய்தியின் கடைசி வரியையும் மாற்றினேன்:

"ப.போ. தொடர்கிறது. பொறுப்பு: வசந்தி. மெதுவாக."

உடனே ஹென்ரிக். எல்லாம் சரி, அந்த "மெதுவாக" தேவையா என்று கேட்கிறார்.

தேவை என்றேன். செய்தி போய்விட்டது. குசினி வாளி நிரம்பி வழிகிறது.