குளிரில் வைத்த குடல்

ரிங்லெட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கங்காவுக்கு அம்மா எழுதுவது. விடாத மழையையும் அப்பாவின் இருமலையும் தவிர இங்கே எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது, கிளாஸ்கோவில் பனி குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ அழுதால் நானும் அழுதுவிடுகிறேன், சொல்ல வந்தது நின்றுபோகிறது, அதனால்தான் ஊறுகாய்ப் பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரோ ஒரு தாய், இறந்துபோன தன் பிள்ளையின் குடலைத் தானம் கொடுத்திருக்கிறாள். அதற்காக உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் குழந்தை காத்திருந்தது. பனியால் விமானம் தாமதமாகி, பெட்டி வந்தபோது ஐஸ் கரையாமல்தான் இருந்தது, ஆனால் குடலின் உள்தோல் உரிந்துவிட்டது, பொருத்த முடியாது என்று டாக்டர்கள் ஒதுக்கிவிட்டார்கள். குழந்தைக்கு இன்னமும் ரத்தக்குழாய் வழியாகத்தான் உணவு. ஒதுக்கியது உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது, அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தது நீ. குடலுக்கு உள்ளேயும் ஒரு மருந்துநீரை நிரப்பிக் குளிரில் வைத்தால் உள்தோல் கூடுதல் நேரம் தாங்குகிறது என்று பன்றிக் குடலில் கண்டிருக்கிறீர்கள், மனிதர்களுக்குச் செய்ய இன்னும் அனுமதி இல்லை. "நான் வேகமாக வேலை செய்திருந்தால் இதற்குள் அனுமதி கிடைத்திருக்கும், இனி அந்த வேலையைத் தொடவே மனம் வரவில்லை, வீட்டுக்கு வந்துவிடுகிறேன்" என்று அழுதாய். நானும் வா என்றுதான் சொன்னேன். அப்பா மறுநாளே உன் அறைக்குச் சாயம் பூச ஆரம்பித்துவிட்டார், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம்கூடப் பிள்ளை வருகிறாள் என்று சொல்லியாகிவிட்டது.

இதற்கு நடுவில் முனியாண்டி கோயில் பூசை வந்தது. இந்த வருடம் கிடா வெட்டு அப்பாவின் பொறுப்பு. வெட்டி முடித்த நேரத்தில் மேலே மண் சரிந்து தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, குடல் கழுவ ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. வழக்கமாகக் கறி காத்திருக்கும், குடல்தான் முதலில் கழுவப்படும் என்பது உனக்கே தெரியும். அப்பா கவலைப்படவில்லை. கோலா தெர்லாவிலிருந்து சிங்கப்பூருக்குக் காய்கறி ஏற்றும் தன் குளிர்லாரி சும்மாதானே நிற்கிறது என்று கறியையும், கழுவாத குடலையும் அதில் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டார். மறுநாள் மதியம் தண்ணீர் வந்து கதவைத் திறந்தால் கறி வைத்தது வைத்தபடி இருந்தது, குடல் மட்டும் கையில் எடுத்ததும் நனைந்த காகிதம்போலக் கிழிந்தது. சமையல் பார்த்த சாமிநாதன், "சாலட்டுக் கீரையும் குடலும் ஒன்னுன்னு நெனச்சிட்டியாண்ணே" என்று கேட்டதில் கோயிலே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "பாப்பா சொன்னது இதானா" என்றார். குளிர் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் சீரண நீர் தூங்குவதில்லை, அது சுவரையே தின்றுவிடும் என்று நீ போனில் சொன்னபோது நாங்கள் இருவரும் உம் கொட்டினோம், பாதிதான் புரிந்திருந்தது.

கெட்ட குடலைப் புதைக்க நானும் ருக்குமணியும் போனோம். மூன்று வருடத்துக்கு முன் தாப்பா ரோட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி மகன் தினேஸ்வரனைப் பறிகொடுத்தாளே, அவன் சிறுநீரகங்களையும் கண்களையும் கொடுக்கக் கையெழுத்துப் போட்டாளே, அவள்தான். அவளிடம் உன் கதையைச் சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னேன். முதலில், "கொடல் கழுவறதுக்கா அவள சீமைக்கு அனுப்புன" என்று கேலி செய்தாள். பிறகு மண்ணைத் தள்ளிக்கொண்டே, இத்தனை நாள் என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். தினேஸ்வரனின் ஒரு சிறுநீரகம் யாருக்கும் பயன்படவில்லையாம், எடுத்த பிறகு கெட்டுவிட்டதாம், பின்னால் விசாரித்தபோது தெரிந்ததாம். பிறகு சொன்னாள்: "கெட்டுப் போனதுக்கு நா யாரையும் வையல மோகனா. ஏன் கெட்டுச்சின்னு யாராச்சும் உக்காந்து பாத்தாங்களா, அதத்தான் ஒருத்தரும் சொல்லல. கண்ணப் பொத்திக்கிட்டுக் குப்பையில போட்டுட்டாங்களோன்னுதான் மனசு அடிச்சிக்குது. உம் மவ பாக்குறால்ல, பாக்கட்டும்லா."

கங்கா, நீ மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைத் தோல்வி என்று சொன்னாய். இறந்த அந்தப் பிள்ளையின் தாய்க்கு அது அப்படி இருக்காது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவள் கொடுத்ததைக் கடைசிவரை கண்ணெடுக்காமல் பார்த்த ஒருத்தி இருக்கிறாள், அது நீ. அனுமதி தாமதமானது உன் ஒருத்தி கையில் இல்லை, பனியும் உன் கையில் இல்லை. நீ வந்தால் ஏன் வந்தாய் என்று நானோ அப்பாவோ கேட்கமாட்டோம், அறைக்கதவு திறந்தே இருக்கும். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்பதை எழுதினால் இந்தக் கடிதம் வேறு மாதிரி ஆகிவிடும், அதனால் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் குடல் எங்கே, எப்படிக் கெட்டது என்று நீ கண்டதை முழுதாக எழுதி முடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் முடிவு செய். பாதியில் மூடிவிட்டு வராதே. அப்பாவிடம் இதைச் சொன்னேன். சாய வாளியை மூடி வைத்துவிட்டு, சன்னல் பக்கம் இன்னும் பூசவில்லை, அவசரம் இல்லை, மெதுவாகப் பூசிக்கொள்ளலாம் என்றார்.

காத்திருக்கும் அந்தக் குழந்தைக்காக முனியாண்டிக்கு ஒரு சூடம் ஏற்றினேன், பெயர் தெரியாததால் கங்காவின் குழந்தை என்று சொல்லிவிட்டேன். நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த மனதோடும் இருக்கவேண்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. பார்சலில் உள்ள எலுமிச்சை ஊறுகாய் ருக்குமணி உனக்கென்று போட்டது. பன்றிக் குடலைத் தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொன்னாள். நீ கண்டதை எழுதிக் கொடுத்ததும் எனக்கு ஒரு வார்த்தை எழுது, நான் போய் அவளிடம் சொல்லவேண்டும்.

உன் அம்மா,
மோகனா புவனேஸ்வரன்