இங்கதான் இருக்கான்

வலென்சியா, ஸ்பெயின்
12 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மச்சான் இளவரசு எழுதுகிறேன். நானும் அனுப்பிரியாவும் சுகம். அவள் வயிற்றில் இருப்பதும் சுகம்தான், உதைக்கிற உதையைப் பார்த்தால் உங்களைப் போல வம்புக்காரப் பிள்ளை என்று தெரிகிறது. கடலூரில் மழை ஆரம்பித்துவிட்டதா? கோர்ட்டு வாசலில் உங்கள் டைப்பிங் கடைக்குள் தண்ணீர் வராமல் இருக்க வேண்டும்.

வீடியோ கால் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அக்கா போனதிலிருந்தே அப்படித்தான். சரி, உங்கள் வழிக்கே வந்து இமெயிலில் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சுற்றிப் பார்க்கிற விசாவில் வந்தோம், ஊர் பிடித்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு இங்கே தனி விசா தருகிறார்கள். ஊருக்குத் திரும்பாமல் இங்கிருந்தே கேட்கலாம். அனுவுக்குக் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் பாக்கி. என் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று நம் ஊர் போலீஸ் தருகிற சான்றிதழ் வேண்டும். அனு கிளம்புவதற்கு முன்பே காட்டுமன்னார்கோயிலில் அவள் அப்பாவை வைத்து வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குச் சோம்பேறித்தனம். அவளோடு துணையாகச் சேர்ந்துகொள்ளலாம் என்றாலும் அதே சான்றிதழ்தான் கேட்கிறார்கள்.

தூதரகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் இருப்பது உங்கள் வீட்டு விலாசம், அதனால் விசாரணைக்கு உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். முதல் தடவை பாஸ்போர்ட் எடுத்தபோது அக்கா டீ போட்டுக் கொடுத்து, “எந் தம்பிதாங்க, இங்கதான் இருக்கான்” என்று ஒரு வார்த்தை சொன்னாளே, அதே வார்த்தையை இந்தத் தடவை நீங்கள் சொல்ல வேண்டும்.

நவம்பர் 28 வரைதான் நான் இங்கே இருக்கலாம். அதற்குள் சான்றிதழ் வராவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். அனுவை இனி விமானத்தில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்கழியில் பிரசவம். அவளுக்கு அம்மா இல்லை, பக்கத்தில் நிற்க நான் ஒருத்தன்தான்.

உங்களை நம்பி,
இளவரசு


மஞ்சக்குப்பம், கடலூர்
15 அக்டோபர் 2025

அன்பு மச்சானுக்கு,

சிங்கார மாமாவின் ஆசி. அனுப்பிரியாவுக்கும் சொல். முதல் பிரசவத்துக்குப் பெண்ணை மூட்டை கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்கு ஓடிய ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். உனக்குக் கல்யாணம் பண்ணி வைத்ததே ஜாஸ்தி, இதில் ஊர் வேறு சுற்ற வேண்டுமாக்கும்.

விளையாட்டுக்குச் சொன்னேன், மனம் கோணாதே. இது ஒரு வேலையா? போலீஸ்காரர் வந்தால் உட்கார வைத்துப் பேசி அனுப்புகிறேன். கோர்ட்டு வாசலில் நான் பார்க்காத போலீசா?

உன் கடிதத்தில் அக்கா டீ போட்டதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்துபோய் வாசலில் நின்றேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உன்னால் வர முடியவில்லையே என்று நீ இன்னும் குறுகிப் போகிறாயோ என்னவோ. எனக்கு அந்தக் கோபம் இல்லை. பெங்களூர் ஆபீசை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும் என்று நீ அழுததை நான்தானே கேட்டேன். “அவன் என்னா பண்ணுவான், கம்பெனி வுட மாட்டேங்குது”ன்னு அவளே சொல்லிவிட்டுத்தான் போனாள். உன் அத்தைமார் உன்னைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் நான்தான் சண்டைக்குப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அவளைக் கனமாக எதையும் தூக்க விடாதே.

அன்பு மாறாத,
மாமா


வலென்சியா
18 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அனுவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் நிம்மதியாகச் சாப்பிட்டதே அன்றைக்குத்தான்.

ஒன்று மட்டும். போலீஸ்காரர், “பையன் என்னா வேல பாக்குறான்?” என்று கேட்டால் தடுமாறாதீர்கள். இந்த விசாவுக்கு அதுதான் உயிர். “எங்கேருந்து வேணாலும் பாக்குற வேல சார். மூணு வருஷத்துக்கு மேல ஆவுது, ஆபீசுக்கே போறதில்ல” என்று கணீரென்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை. எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று என் மேனேஜர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அனுவும் மணாலியில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பனியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தோம், ஒரு குறை சொன்னதில்லை.

செம்பியனைத் தெரியுமல்லவா, சென்னையில் என்னோடு படித்தவன். விசாரணை அன்றைக்கு அவன் கடலூருக்கு வந்து பேசுகிறேன் என்கிறான். அவனுக்குப் போலீசில் ஆள் பழக்கம் இருக்கிறது. அனுப்பட்டுமா?

இப்படிக்கு,
இளவரசு


கடலூர்
தீபாவளி, 20 அக்டோபர் 2025

அன்பு மச்சானுக்கு,

தீபாவளி வாழ்த்து. இங்கே விடாமல் மழை. நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், வேறொன்றும் செய்யவில்லை.

செம்பியன் எதற்கு? மாமா குத்துக்கல் மாதிரி இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டால் எனக்குத்தான் அசிங்கம். அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. வேறு எந்த வழியும் தேடி அலையாதே.

மணாலியில் இருந்தது எந்த வருஷம் என்று எழுது. போலீஸ்காரர் கேட்டு நான் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

அன்பு மாறாத,
மாமா


வலென்சியா
21 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்ன பிறகு அப்பீல் ஏது. செம்பியனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மணாலியெல்லாம் அவர் கேட்க மாட்டார் மாமா. இருந்தாலும் கேட்டீர்களே என்று அனுவிடம் விசாரித்தேன். 2023 நவம்பரில் போய் 2024 பொங்கலுக்குப் பிறகு இறங்கினோமாம். இவ்வளவு கருத்தாக யார் பார்ப்பார்கள், அக்கா இருந்தால் பார்த்திருப்பாள்.

இங்கே ஒரு தொட்டில் வாங்கிவிட்டோம்.

இளவரசு


கடலூர்
2 நவம்பர் 2025

அன்பு மச்சானுக்கு,

விசாரணை முடிந்தது. பழனிவேல் என்று ஒரு ஏட்டு வந்தார். தங்கமான மனிதர். உன் அக்கா வெண்மதி வைத்திருந்த அந்தப் பூப்போட்ட கப்பில் டீ கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பக்கத்து வீட்டு சார்லஸும் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

இனி உன் தூதரகத்துக்குப் போய்விடும். நடுவில் போன் போட்டுக் கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாதே, சந்தேகப்படுவார்கள். தொட்டிலுக்கு மெத்தை வாங்கியாயிற்றா?

அன்பு மாறாத,
மாமா


வலென்சியா
17 நவம்பர் 2025

மாமா,

பெரிய தப்பு நடந்துவிட்டது. தூதரகத்தில் சான்றிதழ் தர முடியாது என்கிறார்கள். கடலூரிலிருந்து வந்த அறிக்கையில், ‘விண்ணப்பதாரர் இந்த விலாசத்தில் வசிக்கவில்லை, வசித்ததும் இல்லை’ என்று இருக்கிறதாம். அந்த ஏட்டு வேறு யார் வீட்டு விஷயத்தையோ மாற்றி எழுதிவிட்டார் போலிருக்கிறது. நாளைக்குக் காலையில் கடையைத் திறக்காமல் நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள். அழுதாவது கேளுங்கள். திரும்ப விசாரித்து அனுப்பச் சொல்லுங்கள்.

28ஆம் தேதிக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் இனி இந்தப் பக்கமே வர விடமாட்டார்கள். அனு சாப்பிடவில்லை. அவளுக்கு இங்கே பாஷை தெரியாது. வலி எடுத்தால் ஆம்புலன்சுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவேன்?

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். பெண் பிறந்தால் வெண்மதி என்றுதான் பெயர் வைப்பது என்று நானும் அனுவும் முடிவு செய்திருக்கிறோம். அக்காவுக்காக இதைச் செய்யுங்கள்.

இளவரசு


மஞ்சக்குப்பம், கடலூர்
19 நவம்பர் 2025

அன்பு மச்சானுக்கு,

ஏட்டு மேல் தப்பில்லை, அவரைத் திட்டாதே. நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

“இளவரசு உங்க மச்சானா? இங்கதான் இருக்காரா?” என்று கேட்டார்.

“மச்சான்தான் சார். ஆனா இங்க இல்ல. இந்த வூட்ல ஒருநாளும் தங்குனது கெடையாது. வெலாசம் வேணும்னான், அவங்க அக்கா குடுத்தா” என்றேன். இதில் எது பொய் என்று நீயே சொல். அன்றைக்கு அவள் உனக்காகச் சொன்ன பொய்க்கு நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை அவள் இல்லை.

சார்லஸிடம் உன் போட்டோவைக் காட்டினார். “இவர நான் பாத்ததே இல்லீங்களே” என்றார். அவரும் உண்மையைத்தான் சொன்னார். வெண்மதியைக் கொண்டுவந்து கிடத்தியபோது வாசலில் பந்தல் போட்டவர் அவர். எடுக்கிறவரைக்கும் நின்றார். நீ வந்திருந்தால் பார்த்திருப்பார்.

2023 மார்கழியில் நாங்கள் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தேர் ஓடுகிற நாள், வண்டி எதுவும் போகவில்லை, மருந்துக்கு நான் கூட்டத்தில் நீந்திக்கொண்டு போய் வந்தேன். அவள் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் போட்டேன். “ஆபீஸ்லயே அடைச்சிப் போட்டுட்டாங்கக்கா. வீடியோவுல பாத்தா நேர்ல பாக்குற மாதிரிதான?” என்றாய். கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தாய். பெங்களூரில் அவ்வளவு குளிரா என்று அவளுக்குக் கவலை. “தலைக்கு எதுனா கட்டிக்கடா, சளி புடிச்சிக்கும்” என்றாள். அது அவள் உன்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பனியைப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறாய்.

பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். நாலு பேர் நாக்கில் நீ விழக் கூடாதே என்று, அவளைச் சிதம்பரத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் ஆம்புலன்சை நிறுத்தி நானே ஒரு புடவை எடுத்தேன். தம்பி கொடுத்து அனுப்பினான் என்று சொல்லி அவள் மேல் போட்டேன். என் வீட்டுப் புடவையும் நான்தான், பிறந்த வீட்டுக் கோடியும் நான்தான். அப்போதும் உன் மேல் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. உன் கம்பெனியைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செம்பியனைத் தடுத்தது ஏன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அவன் வந்திருந்தால் காரியத்தை முடித்திருப்பான்.

அனுப்பிரியா என்ன பாவம் செய்தாள் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. வெண்மதியும் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு இதில் சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். உன் கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் இப்படிப்பட்ட ஆள் என்று இதுவரை எனக்கே தெரியாது.

பெண் பிறந்தால் அந்தப் பெயரை வைக்காதே. வேறு எது வேண்டுமானாலும் வை.

நீ ஊருக்கு வந்தால் இங்கே வராதே. சிதம்பரத்தில் நீயும் அவளும் பிறந்த வீடு பூட்டித்தான் கிடக்கிறது, கடைசியாக இரண்டு நாள் அங்கே இருக்கணும் என்று அவள் கேட்டாள், சாவி உன்னிடம் இருந்தது. போய்த் திறந்துகொள். அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும். உனக்குத்தான் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாமே. பிரசவத்தையும் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், நேரில் பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

அனுப்பிரியாவை முன்கூட்டியே போனைச் சார்ஜில் போட்டு வைக்கச் சொல். படுத்துக் கிடக்கிறவர்களால் முகத்துக்கு நேராகப் பிடிக்க முடியாது, கை துவண்டுவிடும். வெண்மதிக்கு நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு மாறாத,
மாமா