மீசைக் கூரையின் மூலை

ஜூன் 3

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

இங்கே நானும் ஆட்களும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே கட்டிலில் பலகையைப் போட்டு வரைய உட்கார்ந்துவிட்டீர்கள் என்று பாப்பா எழுதியிருந்தாள். டாக்டர் பாவம்.

பூங்காவில் ஐந்து மண்டபங்களுக்கும் தூண் நிறுத்தியாகிவிட்டது. ஆசியாவின் பழைய கூரைகளை ஒரே இடத்தில் வரிசையாகக் காட்டுவது உங்கள் யோசனை. அவற்றை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் தலையில் விழாமல் நிறுத்துவது என் வேலை. சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆட்கள் கூரைகளுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மழை காணாத நாடுகளின் தட்டையான மண்கூரை ‘மொட்டை’. பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்தாக நிற்கும் புல்கூரை ‘கைகூப்பி’. முகடு நடுவில் தாழ்ந்து இரண்டு முனையும் உயர்ந்தது ‘படகு’. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்தது ‘டிபன்கேரியர்’. கடைசியாக, கீழே நாலு பக்கமும் சரிந்து, மேலே இரண்டு பக்கம் முக்கோணம் வைத்து, நாலு மூலையும் மேலே வளைகிறதே, அது ‘மீசை’. முப்பது வருஷமாகச் சாதாரண ஓட்டுக்கூரை போட்ட நான், “டேய், படகுல ரெண்டு சட்டம் கொறையுது பாரு” என்று கத்திக்கொண்டு திரிகிறேன்.

மீசைக்கு மட்டும் இன்னும் வரைபடம் வரவில்லை. அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள். பாப்பா உங்கள் வீட்டில் மருமகள், உங்கள் ஆபீசிலும் உங்களிடமே வேலை. வரைவது என்றால் அவளுக்கு உயிர். எங்கேயாவது கை தவறினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் சம்பந்தி,
கூரை மேஸ்திரி


ஜூன் 11

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

முழங்கால் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. இந்த வீட்டில் கேட்காமல் இருந்தது அது ஒன்றுதான். இருந்தாலும் இன்னும் இரண்டு மாதம் பயணம் கூடாதாம். அதனால் உங்கள் கடிதங்களும், பூங்காக் கண்காணிப்பாளர் மாதம் ஒருமுறை அனுப்பும் புகைப்படங்களும்தான் எனக்குக் கண்.

டிபன்கேரியர் என்று படித்ததும் கோபம் வந்தது. வெயில் நாட்டில் சூடான காற்று மேலே ஏறி வெளியேறுவதற்காகத்தான் ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் இடைவெளி விடுகிறேன், அதைப் போய் இப்படிச் சொல்வதா என்று நினைத்தேன். மறுநாள் ஆபீசில் நானே “அந்த டிபன்கேரியர் படத்த எடு” என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாம் உங்களால்.

மீசையின் வரைபடம் இத்துடன் இருக்கிறது. ஐந்தில் எனக்குப் பிடித்தது இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் நானே பயணம் போய், நேரில் பார்த்து, படம் எடுத்து வந்த கூரை. மூலையின் உயரம்தான் அதற்கு அழகு. படத்தில் என்ன இருக்கிறதோ அதை ஓர் அங்குலம் பிசகாமல் கட்டுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கிருந்து வெளியே போகும் படங்களுக்கெல்லாம் மை போடுவது அவள்தான். நன்றாகவே போடுகிறாள். ஆனால் ஆபீஸ் வாசலைத் தாண்டிவிட்டால் அவள் எனக்கு மருமகள் இல்லை. போன மாதம் என் சொந்த அக்கா மகனையே வீட்டுக்கு அனுப்பினேன். படிக்கட்டு அளவைத் தப்பாகப் போட்டான். அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. அளவில் தப்பு வந்தால் எனக்கு உறவு கிடையாது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

சம்பந்தி


ஜூலை 2

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

வேலை ஜரூராக நடக்கிறது. மொட்டைக்கு மண் பூசி முடித்தாகிவிட்டது. கைகூப்பிக்குப் புல் கட்டுகிறோம். சரிவு அவ்வளவு செங்குத்து, ஆட்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். படகைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, “இது எப்போ கடலுக்குப் போகும்?” என்று கேட்டது. டிபன்கேரியரின் மேல் அடுக்கில் ஒரு குருவி குடிவந்திருக்கிறது. விரட்ட மனசில்லை.

மீசையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மீசை நன்றாக இருக்கிறது.

பாப்பாவுக்கு வேலை அதிகமோ? கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் யாருக்கும் கை பிசகத்தான் செய்யும். அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பொதுவாகச் சொல்கிறேன். உங்களைச் சொல்லவில்லை, அவளையும் சொல்லவில்லை.

உங்கள் சம்பந்தி


ஜூலை 15

சம்பந்தி அவர்களுக்கு,

இந்த மாதப் புகைப்படங்கள் வந்தன. கண்காணிப்பாளர் எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, கூரைக்கு நேர் மட்டத்தில் எடுத்திருக்கிறார். தூணின் உயரம் எனக்குத் தெரியும். அதை வைத்து அளந்து பார்த்தேன். மீசையின் மூலைக்கு நான் கேட்டது மூன்று அடி. நீங்கள் தூக்கியிருப்பது ஒன்றேகால் அடி. நாலு மூலையும் அப்படியே. இது கைத்தவறு அல்ல, வேண்டுமென்றே செய்த வேலை.

போன கடிதத்தில் குருவிக்கு இரண்டு வரி ஒதுக்கினீர்கள், மீசைக்கு ஒரே வரி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏன் மாற்றினீர்கள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? இரண்டாவது கேள்விதான் எனக்கு வலிக்கிறது. பதில் வரும்வரை மீசையில் ஒரு ஓடுகூட ஏறக் கூடாது. பதில் சரியில்லை என்றால் வேறு மேஸ்திரி வருவார். சம்பந்தம் வீட்டோடு, வேலை வேறு.

சம்பந்தி


ஜூலை 19

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

ஒரு ஓடும் ஏறவில்லை. உங்கள் கோபம் நியாயம். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

படம் வந்ததும் அதில் உள்ளபடியே ஒரு மூலையை மட்டும் கட்டிப் பார்த்தேன். மூன்று அடி தூக்கியதும், மூலைக்கு ஓடும் பெரிய கைமரத்தின் கடைசிப் பகுதி வெளியே சரியாமல் வானத்தைப் பார்த்து நிமிர்ந்துவிட்டது. சும்மா நாலு ஓட்டை வைத்து ஒரு வாளி தண்ணீரை ஊற்றச் சொன்னேன். தண்ணீர் வெளியே போகவில்லை. மூலையில் குளமாக நின்று, திரும்பி உள்ளே இறங்கி, கீழே நின்ற தச்சரைக் குளிப்பாட்டிவிட்டது. “அண்ணே, என்னயக் கேக்காம தொட்டி கட்டிட்டீங்களா?” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் முகட்டிலிருந்து மூலைக்கு ஒரு கயிற்றைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டினேன். அது தானாகத் தொங்கிக் காட்டிய வளைவுக்கு மரத்தைச் செதுக்கினோம். ஒன்றேகால் அடி வந்தது. தண்ணீர் சமர்த்தாக வெளியே போனது. வேலையைப் பொறுத்தவரை நான் செய்தது சரி, எங்கே கூப்பிட்டுக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அந்தப் படத்தில் இருந்த எழுத்து என் மகளுடைய எழுத்து. அவள் போடும் எண்ணை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். உங்கள் அக்கா மகன் கதையை அதே உறையில்தான் எழுதியிருந்தீர்கள். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? தப்பு அவளுடையது என்று தெரிந்துவிட்டது. அது உங்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். நான் மேஸ்திரியாக யோசிக்கவில்லை, அப்பனாக யோசித்தேன்.

வேறு மேஸ்திரியை அனுப்புங்கள், வருத்தமில்லை. தண்டனை எனக்கு இருக்கட்டும். அவளை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டிலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 26

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. எனக்குப் பழக்கமில்லாத ஒன்றை எழுத வேண்டியிருந்ததுதான் காரணம்.

அந்தப் படத்தில் மை அவளுடையது, எழுத்து அவளுடையது. கோடு என்னுடையது. இருபது வருஷத்துக்கு முன்னால் எடுத்த என் புகைப்படத்தை வைத்து நானே பென்சிலில் போட்ட கோடு. அந்தப் புகைப்படத்தை நான் வாசலில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து எடுத்தேன். அப்படிப் பார்த்தால் எந்த மூலையும் ஆகாயத்துக்குத் தாவுவது மாதிரிதான் தெரியும். கண்காணிப்பாளர் தொட்டியின் மேலிருந்து எடுத்ததையும் என் பழைய படத்தையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

அதைவிட வெட்கமான விஷயம் இது. மை போடுவதற்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். “அத்தை, இது கீழேருந்து எடுத்த போட்டோ. மூலை இவ்ளோ தூக்கியிருக்காது. தண்ணி உள்ள வரும்னு தோணுது” என்றாள். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “நீ மை போடு” என்றேன். போட்டாள். அதன் பிறகு வீட்டிலும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, உங்களுக்கும் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. தப்பு உங்கள் மகளுடையது என்று நீங்களே நம்பி, நீங்களே மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. நேற்று ஆபீசில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். என் சட்டப்படி நான்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா மகனுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். வருவானோ மாட்டானோ, அது அவன் இஷ்டம்.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. நீங்கள் அவளைக் கேட்கவே இல்லை. எழுத்தைப் பார்த்தவுடன் தப்பும் அவளுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். இதை அவளிடம் சொன்னபோது முதல்முறையாக என் முன்னால் அழுதாள். என்னை நினைத்து அல்ல, உங்களை நினைத்துத்தான் அழுதாள்.

வேறு மேஸ்திரி வரப்போவதில்லை. திங்கட்கிழமை காலை ரயிலில் அவள் அங்கே வருகிறாள். மீசைக்குப் புதிதாக வரைந்திருக்கிறாள், கீழே போட்ட கையெழுத்தும் அவளுடையதுதான், என்னுடையது இல்லை. மூன்று அடி தப்பு என்பதில் சந்தேகமே இல்லையாம். ஆனால் உங்கள் ஒன்றேகாலும் சரியில்லையாம். ஒன்றரை அடி என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். கயிற்றை நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக் கட்டிவிட்டீர்கள் என்கிறாள்.

அப்பாவும் மகளும் சண்டை போட்டு முடிவுக்கு வாருங்கள். எனக்கு எழுதி நியாயம் கேட்க வேண்டாம், நான் அவள் பக்கம்.

சம்பந்தி