ராஜா வேஷம் கலைந்த பிறகு

அடிஸ் அபாபா,
நெஹாசே மாதம் 24

அன்புத் தம்பி அத்னாஃபுக்கு,

அக்கா ஃபந்தாயே எழுதுவது. நானும் நலம், காபிக் கடையும் நலம். நீ மெலிந்திருப்பாய், கேட்கவே வேண்டாம். உன்னைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். சாப்பாட்டுப் பையும் கடிதமும் மட்டும்தான் உள்ளே போகிறது. அதிலும் அந்த வாசல் காவலர் தினமும், "முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்கம்மா" என்கிறார். சொந்தத் தம்பிக்கு விஷம் வைக்கிறேனாம்! உனக்குச் செய்கிற கோழிக் குழம்பைத் தின்றே நான் கொழுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஓர் அதிகாரி கடைக்கு வந்தார். மெஸ்கெரெம் முதல் தேதி, புத்தாண்டுக்கு உங்கள் எல்லாருக்கும் மன்னிப்பாம். உன்னோடு பிடிபட்ட மற்றவர்கள் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றாம், எப்படியும் வெளியே வந்துவிடுவார்களாம். உன் குரல் நாட்டுக்கே தெரியும் என்பதால் நீ மட்டும் டிவியில் நேரடியாக ஒரு தாளைப் படிக்க வேண்டுமாம். "படிச்சா அன்னைக்கே வீடு. படிக்கலேன்னா பத்து வருஷம்" என்று காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்.

படித்துவிடு தம்பி. இத்தனை வருஷம் ராஜாவாக நடித்தவனுக்கு ஐந்து நிமிஷம் குற்றவாளியாக நடிக்க வராதா? உன் நாடகம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கூத்தாடியின் அக்கா என்று சொல்லிக்கொள்ள வெட்கம், உனக்கே தெரியும். இதைப் பார்ப்பதற்காகக் கடையில் டிவி வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்துவிடடா.

உன் அக்கா,
ஃபந்தாயே

இதைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் வணக்கம்.

---

சிறை,
பாகுமே 2

என் அக்காவுக்கு,

குழம்பில் காரம் குறைச்சல். காவலருக்குப் பயந்து குறைத்துவிட்டாயா?

தாளைக் கொடுத்துவிட்டார்கள், மனப்பாடமும் ஆகிவிட்டது. காணாமல் போன மாணவர்கள் யாரும் காணாமல் போகவில்லையாம், எல்லை தாண்டி ஓடிவிட்டார்களாம். அவர்கள் பேரைச் சொல்லி நான் ஊரைக் கெடுத்தேனாம்.

ஒன்று உன்னிடம் சொன்னதில்லை. ஒரு நாள் நாடகத்துக்குக் கிரீடம் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா ஒப்பனை அறைக்கு வந்தாள். கையில் காணாமல் போன மகனுடைய சட்டை. "எங்க பேச்சை யாரும் காதுல போட்டுக்கல. நீங்க ராஜா வேஷத்துல இருக்கீங்க, முன்வரிசையில மந்திரிங்க உக்காந்திருக்காங்க. நீங்க கேளுங்கய்யா" என்றாள். வேஷம் என்று தெரிந்தேதான் கேட்டாள். நாடகத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அன்றைக்குப் பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மேடையிலிருந்து தெருவுக்கு வந்தேன், தெருவிலிருந்து இங்கே. அந்த அம்மாவும் டிவி பார்ப்பாள், இல்லையா அக்கா?

உன் கடைக்குள் நான் நுழைந்தாலே நம் ஊர் மரியாதைப்படி எல்லாரும் எழுந்து நிற்பார்கள். "கடவுள் பேரால கேட்டுக்கிறேன், உக்காருங்க" என்று நான் சொன்ன பிறகுதான் உட்காருவார்கள். நீ மட்டும் அடுப்படியில் முக்காலியைவிட்டு அசையாமல், "துரை வந்தாச்சா?" என்பாய். மூத்தவள் தம்பிக்கு எழுந்திருப்பாளா என்ன! அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

அன்புடன்,
அத்னாஃபு

---

அடிஸ் அபாபா,
மெஸ்கெரெம் 4

என் தம்பிக்கு,

பார்த்தேன்.

புத்தாண்டு என்று கடையில் புல் பரப்பி, மஞ்சள் பூ வைத்து, காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். நிற்கக்கூட இடமில்லை. உன் பேரைச் சொன்னதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நீ மைக் முன்னால் வந்தாய். எவ்வளவு இளைத்துவிட்டாயடா! தாளைப் பார்த்தாய். அப்புறம் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய்.

"இது எனக்கு எழுதின வசனம் இல்லை. அந்தப் பிள்ளைங்க எங்கே?"

இவ்வளவுதான். அப்புறம் அப்படியே நின்றாய். யாரோ உன் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், நீ நிற்கிறாய். இவனையா நான் கூத்தாடி என்றேன்?

முதலில் லாட்டரி விற்கிற கிழவர் எழுந்தார். பிறகு வாடகை வண்டிக்காரர்கள், பிறகு கடை முழுக்க. நம் பேச்சை ஒட்டுக்கேட்கவே தினமும் மூலையில் செய்தித்தாளோடு உட்காருவானே, அவனும் எழுந்தான். "கால் மரத்துப்போச்சு" என்று யாரும் கேட்காமலே சொன்னான். திரையில் உன்னைக் காணோம், பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஒருவரும் உட்காரவில்லை. காபிக்கொட்டை கரிந்து கடையெல்லாம் புகை. இருமிக்கொண்டே நின்றோம்.

நேற்றுச் சாப்பாட்டுப் பையோடு சிறை வாசலுக்குப் போனேன். காவலர் தலையைக் குனிந்துகொண்டார். "இங்க இல்லம்மா. வேற சிறைக்குக் கொண்டுபோயிட்டாங்க. எங்கேன்னு எங்களுக்கும் சொல்லல" என்றார். நான் வழக்கம்போல ருசி பார்க்கக் கை வைத்தேன். "வேண்டாம்மா" என்று தடுத்துவிட்டு, அவரே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். கடிதம் எழுதினால் எப்படியாவது சேர்த்துவிடுகிறேன் என்றார். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு வந்து சேருமா, தெரியாது.

படிக்கச் சொன்னேனே என்று வருத்தப்படாதே. நீ வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் சொன்னேன். இப்போதும் அந்த ஆசை போகவில்லை. இரவில் அழுகிறேன், பகலில் கடைக்கு வருகிறவர்களிடம் "அவன் என் தம்பி" என்று கேட்காமலே சொல்கிறேன்.

மகனுடைய சட்டையோடு அந்த அம்மா கடைக்கு வந்திருந்தாள். என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாள்.

இன்னும் ஒன்று. மூத்தவள் எழுந்திருப்பாளா என்று எழுதியிருந்தாய். நானும் எழுந்தேன் அத்னாஃபு. கையில் வறுகரண்டியோடு, எல்லாரும் பார்க்க எழுந்து நின்றேன். நீ வந்து உட்காரச் சொல்லு.

உன் அக்கா,
ஃபந்தாயே