முக்காடு போட்ட ராணி

1957 நவம்பர், செவ்வாய் இரவு.

சைகோனில் வேலை பார்த்தபோது நான் தேடித்தேடிச் சேர்த்தவை ரோமாபுரி ராணிகளின் வெள்ளிக்காசுகள். அவற்றில் ஒன்றில் முக்காடு போட்டிருந்தவளை மாதா சுரூபம் என்று நினைத்துவிட்டாள் என் மனைவி பிலோமினா. போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, ராணியின் தலைக்கு மேல் ஆணியால் ஓட்டை போட்டு மகள் கழுத்தில் கட்டினாள். அந்தக் காசின் மதிப்பே போயிற்று. ஆனால் மறுநாளே காய்ச்சல் இறங்கியது. காசு மகள் கழுத்திலேயே தங்கிவிட்டது.

இன்று எதிர்வீட்டு மரியம்மா வந்தாள். அவள் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறதாம்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போம்மா" என்றேன்.

"மாதா இருக்கசொல்ல ஆஸ்பத்திரி எதுக்குண்ணா? இன்னிக்கு ராத்திரிக்கு மட்டும் குடுங்க."

அது மாதா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் காசை முத்தமிட்டு, கழற்றிக் கொடுத்துவிட்டாள். பிலோமினா என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

எதிர்வீட்டில் பிள்ளை முனகுவது இங்கே கேட்கிறது. போய் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் பிலோமினா இந்தத் தெருவில் எப்படி நிமிர்ந்து நடப்பாள்? அங்கே ஜெபமாலை சொல்கிறார்கள்; பிலோமினாவும் போயிருக்கிறாள். அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது.

செருப்பை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.